ஜனவரி வெயிலில் புல்தரை: டர்பன் வீட்டு முற்றங்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கோடையில் காய்ந்துபோகும் புல்தரைகளில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களால் காய்கின்றன. ஒட்ட வெட்டுவது ஒன்று. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நனைப்பது இன்னொன்று. வெயில் மூன்றாவது இடத்தில்தான் வரும். இங்கே வீடுகளில் இருக்கும் கிக்குயு, பெரியா, பஃபலோ, அருகு எல்லாமே வெப்பத்தை விரும்பும் புற்கள். 30 டிகிரி தொடும் நாட்களில்தான் அவை நன்றாக ஓடிப் படரும். வேர் ஆழமாக இறங்கியிருந்து, இலை தன் அடிமண்ணுக்குத் தானே நிழல் கொடுத்தால் டிசம்பர் முதல் மார்ச் வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலுக்குச் சொல்லும் யோசனைகள் டர்பன் இருக்கும் நேட்டால் கரைக்குப் பொருந்தாது. இங்கே கோடையே மழைக்காலம். ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. பெய்யும் மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வந்துவிடும். தைப்பூசக் காவடி நாட்களில் வெப்பம், புழுக்கம், திடீர் இடிமழை மூன்றும் சேர்ந்தே இருக்கும். அதனால் தாகம் எவ்வளவு கெடுதலோ, ஈரம் மிஞ்சி வரும் பூஞ்சையும் அவ்வளவு கெடுதல்.

முதலில் எந்தப் புல் என்று பாருங்கள்

வெட்டும் உயரம், உரம், மருந்து எல்லாமே புல்லைப் பொறுத்து மாறும். வெளிர்பச்சை இலையில் மெல்லிய ரோமம், தரையோடு ஓடும் தடித்த வெள்ளைத் தண்டு என்றால் கிக்குயு. முழு வெயில் வேண்டும், நிறையத் தண்ணீரும் உரமும் கேட்கும், மிதியைத் தாங்கும். பக்கத்தில் ஓடையோ சதுப்போ இருந்தால் இதைப் புதிதாக நடாதீர்கள். வேலி தாண்டிப் போய் அங்குள்ள செடிகளை மூடிவிடும். அகலமான, ஓரம் லேசாக நெளிந்த பளிச்சென்ற இலை என்றால் பெரியா, கடைகளில் எல்.எம். என்றும் சொல்வார்கள், இன்றைய மபுட்டோவின் பழைய பெயரான லொரென்சோ மார்க்கெஸின் சுருக்கம் அது. இந்தக் கிழக்குக் கரையின் சொந்தப் புல். மாமரம், லிச்சி, அவகாடோ அடியில் பிழைக்கக்கூடியது இதுதான். ஆனால் தினமும் பந்து விளையாடினால் தாங்காது. நுனி மழுங்கிய அகல இலையும் தட்டையான தண்டும் பஃபலோ. மெல்லிய இலையோடு பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லை உங்களுக்கே தெரியும். நர்சரிகளில் சைனோடான் என்று கேளுங்கள். வறட்சியை நான்கிலும் நன்றாகத் தாங்குவது அதுதான், நிழலில் மட்டும் நிற்காது.

வெட்டும் உயரம்

கோடையில் கிக்குயுவை 40 முதல் 50 மி.மீ. உயரத்தில் விடுங்கள். பஃபலோவுக்கு 50 முதல் 60, பெரியாவுக்கு 50 முதல் 75, அருகுக்கு 20 முதல் 30. மோவரில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் மி.மீ. அல்ல, இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். சிமெண்டுத் தரையில் மோவரை நிறுத்தி, மின்சார இயந்திரமானால் பிளக்கைப் பிடுங்கி, பெட்ரோல் இயந்திரமானால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, தரையிலிருந்து பிளேடு வரை அளவுகோலால் அளந்து பார்த்துவிடுங்கள். ஒருமுறை அளந்து லீவர் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

ஒரே தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. 45 மி.மீ. உயரம் வேண்டுமென்றால், புல் 65 மி.மீ. தாண்டுவதற்குள் வெட்டியாக வேண்டும். ஜனவரியில் மழை பெய்த வாரம் கிக்குயு இதை ஐந்தாறு நாளில் எட்டிவிடும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தரையோடு சீவிவிட்டுப் போகும் ஏற்பாடுதான் இங்கே அதிகப் புல்தரைகளைக் கெடுக்கிறது. கிக்குயுவின் பச்சை மேல் பகுதியில் மட்டும் இருக்கும். கீழே பழுப்புத் தண்டுதான். ஒட்டச் சீவினால் இலை மொத்தமும் போய், நிழலில் இருந்த தண்டும் மண்ணும் நேர் வெயிலுக்கு வந்துவிடுகின்றன. தண்டு வெந்துபோகும், புது இலை விட வேரிலிருந்த சேமிப்பு செலவாகும், அந்த இடைவெளியில் களை முளைத்துவிடும்.

அப்படி ஏற்கெனவே சீவிவிட்டார்கள் என்றால் உடனே உரம் போடாதீர்கள். 12 மி.மீ. தண்ணீர் விட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டு, புது இலை எங்கும் தெரியும் வரை காத்திருங்கள். பிறகு கீழே சொல்லும் உர அளவில் பாதி. இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஊருக்குப் போய்வந்து புல் முழங்காலுக்கு நின்றால், முதல் நாள் மேல் பகுதியை மட்டும் எடுத்து, நான்கு நாள் இடைவெளி விட்டு இன்னொரு படி இறக்குங்கள்.

பிளேடு மழுங்கியிருந்தால் இலை வெட்டுப்படாமல் கிழியும். அடுத்த நாள் புல்தரை முழுக்க வெளிறிய சாம்பல் நிறம் படிந்தது போலத் தெரியும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு நுனியும் நார்நாராக இருக்கும். கிழிந்த நுனி வழியாக ஈரம் போகும், பூஞ்சை நுழையும். பருவத்துக்கு இரண்டு முறையாவது தீட்டுங்கள். ஈரப் புல்லை வெட்டாதீர்கள். மாலையில் இலை உலர்ந்திருக்கும்போது வெட்டுவது நல்லது. வெட்டிய துணுக்கு சிறியதாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், அதுவே ஓரளவு உரம். கட்டி கட்டியாக விழுந்தாலோ தரையில் பூஞ்சைப் புள்ளி இருந்தாலோ வாரி எடுத்துவிடுங்கள். சுவரோரம் வீட் ஈட்டரை (நூல் சுழன்று புல் வெட்டும் கருவி) மண் தெரியும்வரை இறக்குவது வழக்கமாகிவிட்டது. முதலில் காய்வதும் அந்த ஓரம்தான், சுவரின் சூடும் அங்கே சேர்கிறது.

தண்ணீர்: எவ்வளவு, எப்போது

மழையும் சேர்த்து வாரத்துக்கு 25 மி.மீ. இதுதான் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். 100 சதுர மீட்டர் முற்றத்துக்கு 2500 லிட்டர். சாயங்காலம் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தெளிப்பதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10 லிட்டர் பக்கெட் 40 வினாடியில் நிரம்பும் குழாயிலிருந்து நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும். பத்து நிமிடத்துக்கு 150 லிட்டர். அதை 100 சதுர மீட்டரில் பரப்பினால் ஒன்றரை மி.மீ. இலை நனையும், வேருக்கு ஒன்றும் போகாது. மேல்மண் மட்டும் ஈரமாக இருந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். மூன்று நாள் தண்ணீர் இல்லையென்றால் அந்தப் புல்தான் முதலில் சுருளும்.

ஸ்பிரிங்கிளர் எவ்வளவு விடுகிறது என்பதை அறிய டின் மீன் டப்பாக்கள் ஆறு போதும். பக்கம் நேராக உள்ள உயரமான டப்பா எடுங்கள், வாய் விரிந்தது கூடாது. ஸ்பிரிங்கிளருக்கு அருகே, நடுவே, ஓரத்தில் என்று வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் நின்ற தண்ணீரை அளவுகோலால் பாருங்கள். சராசரி 5 மி.மீ. என்றால் 25 மி.மீட்டருக்கு இரண்டரை மணி நேரம். ஓர டப்பாவில் பாதிதான் இருக்கிறதென்றால், ஸ்பிரிங்கிளரை நகர்த்தும்போது முந்தைய வட்டத்தின் மேல் பாதி விழும்படி வையுங்கள். அதே டப்பா ஒன்றை வெட்டவெளியில் வைத்துவிட்டால் மழைமானி ஆகிவிடும். அதில் 12 மி.மீ. விழுந்திருந்தால் அந்த வாரக் கணக்கில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மண் எப்படி என்பதைப் பொறுத்துப் பிரித்துவிட வேண்டும். பெரியா மேடு போன்ற கரையோர இடங்களில் உள்ள சிவப்பு மணல் தண்ணீரை உடனே உறிஞ்சும், உடனே விட்டும்விடும். வாரத்துக்கு இரண்டு தடவை, 12 மி.மீ. வீதம். களிமண் முற்றத்தில், அதிலும் சரிவாக இருந்தால், பத்து நிமிடத்தில் தண்ணீர் வழிந்து ரோட்டுக்கு ஓட ஆரம்பிக்கும். ஓடத் தொடங்கியதும் நிறுத்தி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி திறவுங்கள். இடிமழையிலும் இதே கதை: ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டினாலும் சரிவில் பெரும்பகுதி வழிந்தே போயிருக்கும். நீண்ட திருப்புளியை மண்ணில் குத்திப் பாருங்கள். 15 செ.மீ. எளிதாக இறங்கினால் ஈரம் போதும். 5 செ.மீட்டரில் முட்டினால் மழை பெய்ததை நம்ப வேண்டாம்.

நேரம்: விடியற்காலை நான்கு முதல் ஏழு மணிக்குள். பகலில் விட்டால் ஆவியாகும், காற்றில் சிதறும். மாலையில் விட்டால் இந்தப் புழுக்கத்தில் இலை இரவு முழுக்க ஈரமாகவே கிடக்கும். பூஞ்சைக்கு வேண்டியதே அதுதான். தாகம் எடுத்த புல் தானே காட்டிக்கொடுக்கும். பச்சை மங்கி நீலச்சாம்பல் சாயல் வரும், இலை நீளவாக்கில் மடியும், நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே நிற்கும். அதைப் பார்த்த மறுநாள் காலை தண்ணீர் விட்டால் ஒன்றும் ஆகாது.

குழாய் வறண்டால்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மாதக்கணக்கில் அந்தப் பகுதிக் குழாய்கள் காய்ந்தன. கேப் டவுனில் 2018 பிப்ரவரி முதல் ஒரு ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். புல்தரைக்கு மட்டும் குழாய்த் தண்ணீரையே நம்புவது சரியான திட்டமில்லை. நகராட்சிக் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஸ்பிரிங்கிளரைத் திறவுங்கள்.

80 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 1600 லிட்டர். வழிந்ததும் ஆவியானதும் போக 1300 லிட்டராவது ஜோஜோ என்ற பிளாஸ்டிக் மழைநீர் டேங்குக்கு வரும். ஆனால் 2500 லிட்டர் டேங்க் முழுவதும் 100 சதுர மீட்டருக்கு ஒரே ஒரு வாரத் தண்ணீர்தான். ஆகவே பஞ்ச காலத்தில் பச்சையாக வைத்திருக்கும் ஆசையை விட்டு, உயிரோடு வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள்: இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மி.மீ. இலை பழுத்தாலும் மண்ணுக்குள் தண்டும் கணுவும் பிழைத்திருக்கும். அந்த நாட்களில் வெட்டாதீர்கள், உரம் வேண்டாம், கார் ஏற்றாதீர்கள். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போகட்டும் முதல் தண்ணீர். புல் மழைக்குத் திரும்பி வந்துவிடும்.

வாஷிங் மெஷினில் அலசிய தண்ணீரை விடலாம். பிளீச் கலந்தது, டயப்பர் துவைத்தது, எண்ணெய்ப் பாத்திரம் கழுவியது கூடாது. ஒரு நாளைக்கு மேல் சேர்த்து வைத்தால் நாறும். எப்போதும் ஒரே இடத்தில் ஊற்றினால் சோப்பில் உள்ள சோடியம் சேர்ந்து களிமண் இறுகிவிடும், இடம் மாற்றி ஊற்றுங்கள்.

உரம்

தென்னாப்பிரிக்க உரப் பையில் 5:1:5 என்று போட்டு அடைப்புக்குள் 33 என்று இருந்தால், மொத்தச் சத்து 33 சதவீதம், அதில் தழைச்சத்து 15, மணிச்சத்து 3, சாம்பல்சத்து 15. கோடைப் புல்தரைக்கு இதுவே ஏற்றது. ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 30 கிராம், அதாவது 100 சதுர மீட்டருக்கு 3 கிலோ. எல்.ஏ.என். (சுண்ணாம்புக்கல் கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரத்தில் 28 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் 16 கிராமே போதும். அதையும் 30 கிராம் என்று அள்ளிப் போடுவதால்தான் புல் கருகுகிறது. சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு டப்பாவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மொத்த உரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்காகவும் நடந்து தூவுங்கள். கையுறை அணியுங்கள். ஈரமான மண், உலர்ந்த இலை: இந்த நிலையில்தான் தூவ வேண்டும். தூவிய கையோடு 10 முதல் 12 மி.மீ. தண்ணீர் விட்டுக் கரைத்துவிட வேண்டும். தாகத்தில் இருக்கும் புல்லுக்கு உரம் போட்டால், உப்பு வேரிலிருந்து ஈரத்தை இழுத்துக் கருக்கிவிடும். கருமேகம் கூடும் பிற்பகலிலும் வேண்டாம், எல்லாம் சாக்கடைக்குப் போகும். கிக்குயுவுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. பெரியாவுக்குக் கோடை முழுவதற்கும் இரண்டு தடவையே அதிகம்.

மஞ்சள் தட்டினால் எந்த இலை என்று பாருங்கள். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறைவு. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த கட்டட மண்ணில் இது சகஜம். 20 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து 10 சதுர மீட்டருக்குத் தெளியுங்கள், மாலை நேரத்தில். டைல்ஸ், பேவிங் மேல் பட்டால் துருக்கறை போகவே போகாது.

பந்தல் போட்ட பிறகு

கல்யாணம், பிரேயர், காவடிக்கு முந்தைய நாள் சமையல் என்று கோடையில் முற்றத்தில் பந்தல் போடாத வீடு குறைவு. இரண்டு நாள் முன்னதாக நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அன்று மண் உறுதியாக இருக்க வேண்டும், சேறாக இருந்தால் நாற்காலிக் கால்கள் மண்ணை அமுக்கிக் கட்டியாக்கிவிடும். பிளாஸ்டிக் விரிப்பு வெயிலில் சில மணி நேரத்தில் புல்லை அவித்துவிடும். பாயோ துணி விரிப்போ போடுங்கள், இரவில் எடுத்துவிடுங்கள். விறகடுப்பைப் புல் மேல் வைக்கவே கூடாது. செங்கல்லும் தகரமும் வைத்தாலும் அடியில் சூடு இறங்கும். டிரைவ்வேயில் வைப்பதுதான் வழி. சோறு வடித்த கொதி கஞ்சியும் உப்புத் தண்ணீரும் கொட்டிய இடம் வாரக்கணக்கில் மொட்டையாக நிற்கும். தவறிக் கொட்டிவிட்டால் அதே இடத்தில் உடனே நான்கைந்து பக்கெட் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பந்தல் பிரித்ததும் சாய்ந்த புல்லை ரேக்கால் நிமிர்த்தி, மிதிபட்ட இடத்தில் கார்டன் ஃபோர்க்கை 10 செ.மீ. ஆழம் இறக்கி லேசாக அசைத்து எடுங்கள், ஒரு சாண் இடைவெளியில். பிறகு 12 மி.மீ. தண்ணீர். பத்து நாள் உரம் வேண்டாம்.

பூச்சி, பூஞ்சை, களை

ஜனவரி முதல் மார்ச் வரை ஒரே இரவில் பழுப்புத் திட்டு பரவினால் முதலில் படைப்புழுவைச் சந்தேகியுங்கள். மைனாக்கள் கூட்டமாக வந்து கொத்துவது நல்ல அடையாளம். திட்டின் ஓரத்தில் ஈரச் சாக்கை இரவு விரித்து, விடிந்ததும் தூக்கிப் பாருங்கள். புழு இருந்தால் அடியில் ஒதுங்கியிருக்கும். குட்டிப் புழுவாக இருக்கும்போது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தூள் நன்றாக வேலை செய்யும், பெருத்த பிறகு செய்யாது. மாலையில் தெளித்து, இரண்டு மூன்று நாள் வெட்டாமல் விடுங்கள்.

மண் பொலபொலவென்று மேலெழும்பி, விரல் தடிமன் சுரங்கம் தெரிந்தால் பிள்ளைப்பூச்சி. இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தை 5 லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் சில நிமிடத்தில் மேலே வந்துவிடும். ஒன்றிரண்டு என்றால் எடுத்துப் போடுங்கள். நிறைய வந்தால் மட்டும் மருந்து, லேபிளில் உள்ள அளவில். ஹடீடா பறவை அலகால் போடும் ஓட்டைகளைப் பற்றிப் பலர் கோபப்படுகிறார்கள். அது மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புழுவைத்தான் தேடுகிறது. ஓட்டையில் தண்ணீரும் காற்றும் இறங்கும். விரட்டாதீர்கள்.

நாணய அளவில் வைக்கோல் நிறப் புள்ளிகள் என்றால் டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை. பசித்த புல்லில் வரும், பாதி அளவு உரமே பெரும்பாலும் சரிசெய்யும். பெரிய வட்டமாகப் பழுத்து, ஓரம் கருத்து ஈரமாக இருந்தால் பிரவுன் பேட்ச். இது நேர்மாறானது. தழைச்சத்து மிஞ்சியதாலும் மாலைத் தண்ணீராலும் வரும். உரத்தை நிறுத்தி, தண்ணீரை விடியற்காலைக்கு மாற்றுங்கள். நடுவில் செத்து ஓரம் கரும்பச்சையாக வளர்ந்த சின்ன வட்டம் நாய் சிறுநீர் கழித்த இடம்.

கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும். சின்ன இடமென்றால் மழைக்கு மறுநாள் கிழங்கோடு தோண்டுங்கள். பரவிவிட்டால் ஹாலோசல்ஃப்யூரான் உள்ள மருந்து. நெருஞ்சியை மஞ்சள் பூ விட்டதும், முள் கட்டுவதற்குள், ஆணிவேரோடு எடுத்துவிட வேண்டும். அகல இலைக் களைக்கொல்லிகள் சில பெரியாவையும் பஃபலோவையும் எரிக்கும். லேபிளில் உங்கள் புல்லின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 30 டிகிரி தாண்டும் நாளில் எதையும் தெளிக்க வேண்டாம்.

லெனேசியா, லாடியம், கேப் டவுன்

லெனேசியாவும் லாடியமும் இருக்கும் ஹைவெல்டு என்ற உள்நாட்டு மேட்டுநிலத்தில் இரவு குளிரும், காற்று உலர்ந்தது. பூஞ்சைத் தொல்லை குறைவு. அறுவடைக் கறையான்தான் அங்கே பெரிய எதிரி. வட்ட ஓட்டையும் பக்கத்தில் துண்டு துண்டாக வெட்டிய புல்லும் கிடந்தால் அதுதான். ஒட்ட வெட்டிய, காய்ந்த தரையில்தான் அதன் சேதம் பளிச்சென்று தெரியும். கேப் டவுனில் கோடை வறண்டது, தென்கிழக்குக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். காய்ந்த மணல் தண்ணீரை ஏற்காமல் முத்து முத்தாக உருட்டிவிட்டால், நனைப்பான் திரவம் வாங்கி லேபிளின்படி கலந்து ஊற்றிய பிறகே வழக்கமான தண்ணீர் பலிக்கும்.

வழுக்கை விழுந்த இடம்

இரண்டு மூன்று கணு உள்ள 10 செ.மீ. ஓடுதண்டுகளை உயிருள்ள ஓரத்திலிருந்தே வெட்டி எடுங்கள். வழுக்கை மண்ணை 5 செ.மீ. கிளறி, 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள், கணு மண்ணுக்குள், நுனி வெளியே. காலால் மிதித்து இறுக்கி, முதல் பத்து நாள் காலையும் பிற்பகலும் மெல்லத் தெளியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான். வேர் பிடித்ததா என்று ஒன்றை மெதுவாக இழுத்துப் பார்த்து, வரவில்லையென்றால் வாரத் தண்ணீருக்கு மாற்றுங்கள். ஜனவரியில் நட்டது ஒரு மாதத்தில் மூடும். மார்ச் கடைசியில் நட்டால் குளிருக்குள் பாதிதான் மூடும். மண்ணும் கம்போஸ்டும் தடிமனாகப் பரப்பும் வேலையை ஆகஸ்டு, செப்டம்பருக்கு ஒதுக்கி வையுங்கள். கோடையில் 5 மி.மீட்டருக்கு மேல் பரப்பினால் இலை மூச்சுமுட்டி அழுகும்.